அப்பாயியைப் பார்த்துக்கொண்டது யார்?

பாஸ்டனுக்கு வந்த இரண்டாவது வாரம், முதியோர் சேவை மேலாண்மை முதுகலை வகுப்பில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். தெரிந்த முதியவர் ஒருவரை மனத்தில் வைத்து நிரப்ப வேண்டும். குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போதல், எழுந்து நகர்தல், சிறுநீர் மலம் அடக்குதல், உண்ணுதல் என ஆறு வேலைகள். துணையில்லாமல் செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோல் இது. மழையில் நனைந்த படியில் அப்பாயி, என் அப்பாவின் அம்மா, வழுக்கி விழுந்த பிறகான நான்கு வருடங்களை நினைத்துப் போட்டேன். உண்ணுதலுக்கு மட்டும் ஒன்று கிடைத்தது.

அதன் கீழே 'முதன்மைப் பராமரிப்பாளர்' என்று ஒரு கோடு. ஒரு பெயர் எழுதத்தான் இடம்.

எனக்குக் கோபம் வந்தது. கோத்தகிரியில் எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒருவரா பார்த்தார்கள்? கஞ்சி கொண்டுவந்தது அடுத்த வீட்டு அத்தை. முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்தது எதிர் வீட்டு அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கட்டிலோடு தூக்கி ரோடு வரை ஏற்றியது பையன்கள் நால்வர். ஓரம் முழுக்கப் பெயர்களாக எழுதிப் பெருமையோடு நீட்டினேன். பேராசிரியர் பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "இவர்களில் வேலையை விட்டவர் யார்?"

அம்மா.

கொழுந்து பறிக்கப் போவதை அவள் நிறுத்தியதை நாங்கள் யாரும் ஒரு செய்தியாகக்கூடப் பேசியதில்லை. தாய்மாமன் மகள் கல்யாணத்துக்குக் குஞ்சப்பனை வழியாக பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போனோம், அம்மா வரவில்லை. கூடப் பிறந்தவன் வீட்டுக் கல்யாணம் அது! இரவு தாம்பூலப் பையைக் கொடுத்தபோது, அப்பாயியின் கட்டிலருகே நின்றபடியே லட்டைப் பிட்டு முதலில் அப்பாயிக்கு ஊட்டினாள். "பெண்ணுக்கு என்ன நிறப் புடவை?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஊர் பழகிவிட்டது. எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று தெரிகிறது, பனியில் நடக்கத் தெரிகிறது. பயிற்சிக்காகப் போகும் முதியோர் உணவுக் கூடத்தில் என் பெயரைச் சரியாகவே கூப்பிடுகிறார்கள். அறுபது வயதானவர் யாரும் வந்து சாப்பிடலாம், கட்டணம் கிடையாது. விரும்பினால் பணம் போட ஒரு பெட்டி இருக்கிறது, நம் கோயில் உண்டியல் மாதிரி. குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் என்று அங்கே ஒரு பாட்டியிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அடுத்த பூவுக்கு வருகிறேன், படிக்கட்டு அதிகமா?" என்று கேட்டார். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கடையில் உருளைக்கிழங்கு எடை போட்டார்கள். இந்த நாட்டில் எல்லாம் பவுண்டுதான், அதாவது றாத்தல். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலையேறி வந்தவள் அப்பாயி. சாகும்வரை கிலோ என்று சொல்லவே இல்லை. "அரை றாத்தல் சீனி" என்பாள், கடைக்காரர் விழிப்பார். இந்தக் கடையில் அவளுக்கு என்னைவிட எளிதாக இருந்திருக்கும். பையைக் கையில் பிடித்தபடி வாசலில் வெகுநேரம் நின்றேன்.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் மட்டும் ஆள் தேவை என்றால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தராது. சேமிப்பு கரைந்த பிறகுதான் பலருக்கு, வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டு கைகொடுக்கிறது. ஆனால் 1965இல் வந்த முதியோர் சட்டத்தை 2000இல் திருத்தியபோது, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு திட்டத்தைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்துக்கு மாற்றாள் வருவார், பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்கலாம். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்முடைய 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைச் சொல்கிறது. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கடமையும் ஓய்வும் இரண்டுமே எழுதப்படாமல்தான் அம்மா நான்கு வருடம் அந்தக் கட்டிலருகே இருந்திருக்கிறாள்.

"ஆயா வேலைக்கா கடல் தாண்டிப் போய்ப் படிக்கிறாய்?" என்று ஊரில் பெரியப்பா கேட்டிருந்தார். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. கோத்தகிரியில் கட்டிலருகே இருக்கும் பெண்களுக்கு வாரத்தில் ஒரு பகல் மாற்றாள் அனுப்ப எத்தனை பேர் வேண்டும், யார் பயிற்சி தருவது, பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் இப்போது ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மாற்றாள் வந்ததும் அவர்கள் எங்கே போவார்கள் பாப்பா?" என்றாள்.

"எங்கே வேண்டுமானாலும் போகலாம் அம்மா. நீ எங்கே போயிருப்பாய்?"

கல்யாணத்துக்கு என்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தூங்கியிருப்பேன்" என்றாள். பிறகு, அங்கே பனி நின்றுவிட்டதா என்று கேட்டாள்.