கார்டு பர்ஸில்தான் இருக்கிறது

கார்டு மோசடிப் புகார்களைக் கையாளும் மேசையில் அடிக்கடி காதில் விழும் வரி இது: "கார்டு என் பர்ஸில்தான் இருக்கிறது, அப்புறம் எப்படிப் பணம் போச்சு?" நியாயமான கேள்விதான். ஆனால் இப்போதெல்லாம் திருடுபோவது அட்டை அல்ல, அதன்மேல் இருக்கிற எண். அட்டையைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறவர்களும் அந்த எண்ணைப் பத்து இணையக் கடைகளில் பதிந்து வைத்திருப்பார்கள்.

ரகசியமாக இருக்க வேண்டும் என்று நினைத்து உருவாக்கிய எண்ணும் அல்ல அது. பெரும்பாலான அட்டைகளில் 16 இலக்கம். முதல் 6 அல்லது 8 இலக்கம் எந்த வங்கி என்பதைச் சொல்லிவிடும். கடைசி இலக்கம் மற்றவற்றைக் கூட்டிப் பெருக்கி வருவது. ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. எண்ணைத் தப்பாக எழுதினால் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். திருடர்கள் வங்கியின் முன்னெண்ணை வைத்துக்கொண்டு மீதி இலக்கங்களை நிரல் எழுதி உருவாக்கி, ஒவ்வொன்றாக இணையக் கடைகளில் போட்டுப் பார்க்கிறார்கள். எது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் மிகச் சிறிய தொகையை இழுப்பார்கள். தெரியாத பெயரில் சில்லறைத் தொகை போயிருந்தால் அதை ஒத்திகை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய தொகை பின்னால் வரும்.

அட்டைதாரர் ஒரு தவறும் செய்யாமலே எண் கசிவதும் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் பில் போடும் கணினிகளுக்குள் புகுந்த நிரல் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரத்தை அள்ளியது. 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் சேர்க்கப்பட்ட வெறும் 22 வரி நிரல், பயணிகள் தட்டச்சு செய்த விவரங்களை அப்படியே வெளியே அனுப்பியது. முகவரியும் பூட்டுக் குறியும் சரியாகவே இருந்தன. சிவிவியை, அதாவது அட்டையில் தனியாக அச்சாகும் 3 அல்லது 4 இலக்கச் சரிபார்ப்பு எண்ணை, சேமித்து வைக்கக் கூடாது என்பது கடைகளுக்கான விதி. தட்டச்சு செய்யும்போதே திருடினால் அந்த விதியால் என்ன பயன்?

ஏடிஎம் பக்கம் நிலைமை தேவலாம். அட்டையின் பின்னாலுள்ள காந்தப் பட்டை ஒவ்வொரு முறையும் ஒரே தகவலைத்தான் சொல்லும். அதனால் ஸ்கிம்மர் என்ற திருட்டுக் கருவியை இயந்திரத்தில் ஒட்டி வைத்துப் படித்து நகல் எடுக்கலாம். சிப் அப்படியில்லை. உள்ளே இருக்கும் சாவி வெளியே வராது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுக் குறியீடு பிறக்கும். ஆகவே தேய்க்கச் சொல்லும் இடத்தில் சிப்பைச் செருகவோ தட்டவோ முடியுமா என்று கேளுங்கள். அட்டை நுழையும் வாயையும் விசைப்பலகையையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஒட்டிய போலிப் பாகம் அசையும். ரகசிய பின் (PIN) எண்ணைக் கையால் மறைத்து அழுத்துங்கள், ஏனென்றால் ஸ்கிம்மருக்குத் துணையாக எங்கோ ஒரு கேமரா இருக்கும். தட்டும் கார்டை யாரும் அருகில் வந்து ரகசியமாகப் படிக்காதபடி அலைவரிசையைத் தடுக்கும் பர்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வாங்கினால் கெடுதலில்லை, ஆனால் அந்தக் கவலையை வேறு இடத்தில் செலவிடுவது நல்லது.

அந்த வேறு இடம் தொலைபேசி. "ஓடிபி இல்லாமல் பணம் போகாது" என்பது பாதி உண்மை. கடையும் ஓடிபி சரிபார்ப்பு முறையில் சேர்ந்திருந்தால்தான் ஓடிபி கேட்கும். எண்ணும் காலாவதித் தேதியும் மட்டும் வாங்கிக்கொண்டு பணம் எடுக்கும் தளங்கள் இருக்கின்றன. ஓடிபி வந்தாலும் அதைத் திருடனுக்குப் படித்துக் காட்டுவது பெரும்பாலும் அட்டைதாரரே. அழைப்பவருக்கு உங்கள் பெயர் தெரியும், கடைசி 4 இலக்கம் தெரியும். அந்த 4 இலக்கம் ஒவ்வொரு ரசீதிலும் அச்சாவதுதான். திரையில் வங்கியின் எண்ணே தெரியலாம். அதையும் போலியாகக் காட்ட முடியும். "உங்கள் கணக்கில் மோசடி நடக்கிறது, ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள்" என்பார். பணம் வரவு வைக்கவும் ரத்து செய்யவும் உங்களிடம் ஓடிபி கேட்டு யாரும் அழைக்க வேண்டியதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். அந்த எண்ணை முன்கூட்டியே வேறிடத்தில் குறித்து வையுங்கள். பர்ஸ் தொலைந்தால் எண்ணும் சேர்ந்தே தொலைகிறது.

ஓடிபி செய்தியை முழுதாகப் படிக்கிற பழக்கமும் வேண்டும். தொகையும் கடையின் பெயரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சிலவற்றில் தொகையே இருக்காது. உங்கள் கார்டை ஒரு போனின் வாலட்டில் (போனைத் தட்டிப் பணம் கட்ட உதவும் ஆப்பில்) சேர்ப்பதற்கான ஓடிபி என்று இருக்கும். இதுதான் மிக மோசமானது. அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவன் தன் போனைத் தட்டித் தட்டி வாங்குவான், மறுபடி ஓடிபி கேட்காது.

கார்டின் செட்டிங்ஸை மாற்றப் பத்து நிமிடம் போதும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் திறக்கலாம். ஒரு முறைக்கான உச்சவரம்பைக் குறைக்கலாம். எச்சரிக்கைச் செய்தி எந்தத் தொகைக்கும் வரும்படி, எஸ்எம்எஸ் மட்டுமின்றி மின்னஞ்சலுக்கும் சேர்த்து வையுங்கள். உங்கள் சிம்மின் நகலை வேறொருவர் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குத்தான் போகும். வழக்கமாகச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் திடீரென்று அடியோடு போனால் இன்னொரு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். இணையத்துக்கென்று குறைந்த வரம்புள்ள தனி கார்டு வைத்திருப்பது இன்னும் நல்லது. டெபிட் கார்டை அங்கே தராதீர்கள். போவது உங்கள் பணம், திரும்பி வரும்வரை காத்திருப்பதும் நீங்கள்தான்.

பணம் போன பிறகு வரிசை முக்கியம். முதலில் ஆப்பில் முடக்குங்கள், அது சில நொடி வேலை. பிறகு வங்கியை அழைத்து நிரந்தரமாக பிளாக் செய்யச் சொல்லி, அந்தக் கார்டு சேர்க்கப்பட்ட எல்லா வாலட்டுகளிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் பேசிய நேரத்தையும் குறித்துக்கொண்டு எழுத்திலும் அனுப்புங்கள். தொகை இன்னும் 'நிலுவை' (pending, அதாவது கணக்கில் முழுதாகப் பதிவாகாதது) என்று காட்டினால், பதிவான பிறகுதான் மறுப்பு, அதாவது அந்தத் தொகையை ஏற்கவில்லை என்ற புகார், எழுப்ப முடியும் என்று வங்கி சொல்லக்கூடும். அதற்காகத் தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். தாமதித்த நாட்களை வைத்து உங்கள் பொறுப்பைக் கணக்கிடும் விதிகள் பல நாடுகளில் உண்டு. கிரெடிட் கார்டானால், மறுப்பில் உள்ள தொகையை விட்டு மீதி பில்லைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள்.

புகார் நிராகரிக்கப்படுவதற்கு ஒரு சாதாரணக் காரணம், தவறான பெட்டியில் டிக் போடுவது. 'நான் செய்யவில்லை' என்பது மோசடி. 'பணம் கட்டினேன், பொருள் வரவில்லை' என்பது கடையோடு தகராறு. இரண்டுக்கும் ஆதாரம் வேறு, கெடு வேறு. ஸ்டேட்மென்டில் கடையின் பலகைப் பெயருக்குப் பதில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் வரும். தெரியாத தொகை, பிள்ளைகள் வாங்கிய விளையாட்டாகவும் இருக்கும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

புது எண் வந்ததும் பழைய சந்தாக்கள் தானாக நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். அட்டை நிறுவனங்கள் புது எண்ணைக் கடைகளுக்குத் தாமே தெரிவிக்கும் சேவை இருக்கிறது. வேண்டாத சந்தாவை அந்தக் கடையில்தான் ரத்து செய்ய வேண்டும். பழைய அட்டையை வெட்டும்போது கத்தரி சிப்பின் நடுவில் போகட்டும்.