யாரும் கேட்காத விளக்கம்

"எனக்குத்தான் அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்துட்டாங்களே."

சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்று என் முன்னால் நின்ற அக்கா, பத்திர எழுத்தரிடம் இப்படிச் சொன்னார். எழுத்தர் எதுவுமே கேட்கவில்லை. அப்பா வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

தம்பிகள் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்கள் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டாயிற்று. 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது.

அந்த அக்காவின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தது சட்டம் அல்ல. மகள் என்றால் விட்டுக்கொடுத்துப் போகிறவள், மகன் என்றால் வீட்டை வைத்திருக்கிறவன் என்ற ஏற்பாடு.

அதனால்தான், "சமத்துவம் கேளுங்கள் போதும், ஆண் பெண் என்ற பிரிவையே ஏன் கிளறுகிறீர்கள்" என்று நண்பர்கள் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. பெரியார் இரண்டையும் சேர்த்தே கேட்டார். சொத்துரிமை வேண்டும் என்றார், ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்றும் எழுதினார்.

சரி, மகள் என்ற பெயரில்தானே பங்கைக் கேட்க முடிகிறது? உண்மைதான். அந்தப் பிடியை நானும் விடச் சொல்லவில்லை.

ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகன், மகள் என்றுதான் பேசுகிறது. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கை அதில் எந்தப் பெயரில் பங்கு கேட்பார்? உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது 2014இல். அந்த வாரிசுரிமைச் சட்டத்தையும் நாம்தான் திருத்தக் கேட்க வேண்டும்.