வால்பாறைக்குக் கிளம்பி, பெட்ரோல் டேங்குக்குள் போன கதை

வால்பாறை எப்படி இருந்தது என்று யாரும் கேட்காதீர்கள். 40 கொண்டை ஊசி வளைவில் நான் பார்த்தது 9.

ஆழியாறு தாண்டியதுமே வண்டி திக்கித் திக்கித்தான் ஏறியது, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நின்றேவிட்டது. பிள்ளைகள் வரையாட்டைப் பார்த்துக் குதிக்கிறார்கள், நான் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கிறேன். சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி 'ங்ஙீ' என்று கேட்குமே, அது இல்லை. டேங்குக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் மோட்டார், அதாவது பெட்ரோல் பம்ப், அவுட். பொள்ளாச்சி வரை இழுத்துப்போக ரெக்கவரி வண்டிக்காரர் கேட்டது 6,500 ரூபாய்! மொத்தப் பயணத்துக்கே நான் ஒதுக்கியது 8,000 ஐயா. கெஞ்சி 5,000. இன்னும் வயிறு எரிகிறது.

ஒர்க்‌ஷாப்பில் முழு செட்டாகத்தான் மாற்றணுமாம், 9,500. கடையில் மோட்டார் மட்டும் 2,400, ரப்பர் வளையம் 150. சரி, சித்தப்பா வீட்டு வாசலிலேயே கழற்றிவிடலாம் என்று முடிவு. பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு நாலு தடவை செல்ஃப் அடித்தோம், குழாயில் நிற்கும் அழுத்தம் இறங்க. அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பின் சீட்டைத் தூக்கினால் வட்டமாக ஒரு மூடி, அதன்மேல் பத்து வருடப் புழுதி. துடைக்காமல் திறந்தால் அத்தனையும் டேங்குக்குள்தான் விழும். பூட்டு வளையத்தைச் சித்தப்பா மரக்கட்டை வைத்துத்தான் தட்டினார், இரும்பு பட்டுப் பொறி பறந்தால் தீர்ந்தது கதை. பம்பை வெளியே எடுக்கிற நேரம் பார்த்து சித்தி சாம்பிராணித் தட்டோடு வந்து நின்றார்கள், வெள்ளிக்கிழமையாம். சித்தப்பா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

வடிகட்டி முழுக்கக் கறுப்புச் சகதி. "ஏன்டா கண்ணு, எப்பவும் ரிசர்வ்லயேதான் ஓட்டுவியா? பெட்ரோல்ல முங்கிக் கெடந்தாத்தான்டா மோட்டாரு சூடாகாது." மிச்சம் பிடிக்கிறேன் என்று 300, 300 ஆகப் போட்டு ஓட்டியவன் நான். பதில் சொல்லவில்லை.

மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினோம். ங்ஙீ!

இருந்த காசுக்கு மறுநாள் ஆழியாறு வரைதான். அணைப் பக்கத்துக் கடையில் வாழை இலையில் போட்ட மீன் வறுவல், கறிவேப்பிலை கருகக் கருக, முள்ளைக்கூட விடவில்லை. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

திரும்பும்போது பங்கில் நிறுத்தினேன். "எவ்வளவுங்ணா?" என்றான் பையன். முந்நூறு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.