முதுகு நோகிற ஆவணி

ஆகஸ்ட் 22
ஆடி முழுக்க எங்கட பியூட்டி பார்லர் கடையில் ஈ ஓட்டினோம். ஆவணி பிறந்ததும் இருக்க நேரமில்லை. இன்றைக்கு மட்டும் 17 பேருக்கு ஐப்ரோ, நூலால் புருவம் எடுத்தது. 17 தரமும் நூலைப் பல்லில் கடித்து, கழுத்தை முன்னுக்கு நீட்டி, விரல்களை விரித்து விரித்து மூடி... இரவு பிட்டுக் குழைக்கப் பெருவிரல் மடங்கவில்லை. ஒருத்தி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மெல்லிசாப் போச்சு" என்றாள். சிரித்தேன். அதுவும் சம்பளத்துக்குள் அடக்கம்.

ஆகஸ்ட் 24
களுவாஞ்சிகுடியில் கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்தப் போனோம். விடிய 3 மணிக்கு வான் கல்லடிப் பாலத்தில். போய்ச் சேர்ந்தால் கரண்ட் இல்லை. பவுண்டேஷன் போடப் போட பிள்ளைக்கு வியர்க்குது. சுற்றி நின்ற மாமிமார் ஆளுக்கொரு கருத்து. கொசுவத்துக்கு ஊசி குத்தும்போது என் விரலில் ஏறிவிட்டது. கூறையில் இரத்தம் படக்கூடாதே! அந்த விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மிச்சத்தைக் குத்தி முடித்தேன். திரும்பி வந்து 11 மணிக்குக் கடை திறந்தேன்.

ஆகஸ்ட் 27
வந்தாறுமூலைக் கம்பஸில் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளை ஒன்று வினாக்கொத்தோடு வந்தது. தொழில் அழுத்தமும் நிறுவனப் பற்றும் என்று தலைப்பு. பற்று மூன்று வகையாம்: பிடித்து நிற்பது, போனால் நட்டம் என்று நிற்பது, போவது சரியில்லை என்று நிற்பது. மேயர், ஆலன் என்ற இரண்டு பேர் 1991இல் எழுதியதாம்.

எனக்கு எதில் புள்ளடி போடுவது? நூல் பிடிக்கச் சொல்லித் தந்தது கடை முதலாளி அக்கா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே காசு தந்ததும் அக்கா. ஆறு வருசமாக என் ஈபிஎப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, கட்டாததும் அதே அக்காதான். சம்பளத்தில் என் பங்கு 8 வீதம், அவ பங்கு 12. கேட்டால், "நாம குடும்பம் மாதிரித்தானே மனே!" குடும்பத்துக்கு ஈபிஎப் இல்லைத்தான்.

நாளுக்கு 8 மணித்தியாலம் என்று 1954ஆம் ஆண்டுக் கடைச் சட்டத்தில் இருக்குது என்றும் அந்தப் பிள்ளை சொன்னது. அப்படிப் பார்த்தால் களுவாஞ்சிகுடி போன சனிக்கிழமை நான் கடை திறந்த நேரமே வேலை முடிந்த நேரம்.

ஆகஸ்ட் 30
கல்முனையில் ஒரு கடை கூப்பிடுது. 5,000 கூட, ஈபிஎப்பும் உண்டு. மத்தியானம் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிடுவோம் என்று அக்காவுக்குக் கிட்டப் போனேன். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "என்ட புருவத்தையும் ஒருக்கா எடுத்து விடுகா" என்றா.

நூலைப் பல்லில் கடித்தேன். பிறகு எங்கே வாய் திறப்பது?