பட்டிக் காவல் நாய்: என் முதல் ஈத்து, 12 வார அனுபவம்

இன்னைக்கு காலைல குடுக்க வேண்டிய கடைசிக் குட்டியும் கிளம்பிப் போயிடுச்சு. 12 வாரமா எடை எழுதிட்டு வந்த நோட்டு கையில இருக்கு, மறந்து போறதுக்குள்ள எழுதி வச்சிரலாம்னு உக்காந்துட்டேன். இந்த வேலையில இறங்கணும்னு நெனைக்கிற யாருக்காவது உதவினா சந்தோஷம்.

ஏன் ஆரம்பிச்சேன்னு மொதல்ல சொல்லிடுறேன். எனக்கு சின்ன வயசுலேர்ந்தே எந்த உயிரும் சாகறத பாத்துட்டு இருக்க முடியாது, றெக்க ஒடிஞ்ச காக்காவ கூட தூக்கிட்டு வந்து வச்சுப்பேன். ஆடு வளர்க்க ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷம் ஒரே ராத்திரியில நரி வந்து 4 ஆட்டுக்குட்டிய கொண்டு போயிடுச்சு. பொறி வைங்க, விஷம் வைங்கன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. குட்டிங்க போனதுக்கு விடிய விடிய அழுதவன்தான் நான், ஆனா அந்த நரிக்கும் எங்கயோ ஒரு பொந்துல குட்டி இருக்கும்ல, அத கொல்ல எனக்கு கை வரல. அப்பதான் தேடித் தேடிப் படிச்சேன். நமீபியாவுல சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட்ங்கற அமைப்பு 1994லேர்ந்து ஆடு வளர்க்குறவங்களுக்கு அனடோலியன் ஷெப்பர்ட், கங்கல் இன நாய்ங்கள குடுக்குறாங்க. நாய் மந்தையோட இருந்தா சிவிங்கிப்புலி (சீட்டா) கிட்ட வர யோசிக்கும், அது வராட்டி விவசாயி துப்பாக்கிய எடுக்க வேண்டியதில்ல. ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல் பக்கத்துல மிடில் ஐலண்ட்னு ஒரு குட்டித் தீவுல 2006ல மரெம்மாங்கற காவல் நாய்ங்கள விட்டு பென்குயின நரிகிட்டேர்ந்து காத்தாங்க. இந்த நாய்ங்க பெரும்பாலும் சண்டை போட்டு ஜெயிக்கிறதில்ல, குரைச்சும் சுத்திச் சுத்தி மூத்திரம் விட்டு எல்லை வச்சும்தான் வேலைய முடிக்குது. நரியும் பொழைக்கும் ஆடும் பொழைக்கும். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

வெள்ளச்சி அப்படித்தான் வந்தா. கிரேட் பிரனீஸ்ங்கற காவல் நாய் இனத்துப் பெட்டை, 10 வாரக் குட்டியா வந்தவ, இப்ப மூணரை வயசு. அவ பெரியவளானப்புறம் ஒரு ஆட்டக் கூட நான் இழக்கல. பாத்தவங்க எல்லாம் இவ குட்டி ஒண்ணு குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க, எனக்கும் ஆசை வந்துச்சு. 20 வருஷத்துக்கு மேல இந்த நாய்ங்களோடயே இருக்குற அக்கா ஒருத்தங்களுக்கு போன் போட்டேன். "தம்பி, நாலு பேர் கேக்குறாங்கங்கறது குட்டி எடுக்க ஒரு காரணமே இல்ல. அவ ரெண்டு ஈத்துக் காலம் ஆட்டோட நிக்கட்டும், இடுப்பு எக்ஸ்ரே எடு, அப்புறம் கூப்பிடு"ன்னு வச்சுட்டாங்க. கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு, ஆனா அவங்க சொன்னது சரி. பெரிய உடம்பு நாய்க்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வம்சத்துல வரும், 2 வயசு முடிஞ்சு எடுக்குற எக்ஸ்ரேவத்தான் ஓ.எஃப்.ஏ. மாதிரி நாய் எலும்பு மூட்டு எக்ஸ்ரேவ பாத்து கிரேடு போடுற அமைப்புல இறுதி கிரேடுக்கு எடுத்துக்குறாங்க. ரெண்டு வருஷமா முழுசா காத்திருந்தேன். இடுப்பு நல்லா இருந்துச்சு, முழங்கையும் சுத்தம், கருவ கலைக்கிற புரூசெல்லா கிருமி டெஸ்ட்டும் சுத்தம்.

ஆண் நாய் தேடினதுதான் பெரிய படிப்பு. எல்லா நாய்க்கும் உள்ள ஒரு வேட்டைச் சங்கிலி இருக்கு: கவனிக்கும், முறைச்சுப் பாக்கும், பதுங்கிப் போகும், துரத்தும், கவ்வும், கொல்லும். பார்டர் கோலி மாதிரி ஆடு ஓட்டுற நாய்க்கு முன்பாதி ரொம்ப அழுத்தமா இருக்கும், பின்பாதி அமுங்கிப் போயிருக்கும். காவல் நாய்க்கு இந்த மொத்தச் சங்கிலியுமே தூங்கணும். 1970கள்ல அமெரிக்காவுல ஹாம்ப்ஷயர் காலேஜ்ல ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி இந்த நாய்ங்கள நூத்துக்கணக்குல பண்ணைகளுக்குக் குடுத்து கவனிச்சு, மந்தைய விட்டு விலகாம இருக்கணும், ஆட்டுக்குத் தீங்கு செய்யக் கூடாது, வர்ற ஆபத்த எதுத்து நிக்கணும்னு மூணு குணம் பிரிச்சு சொன்னாங்க. அதாவது நான் தேடுறது ஒரு நாய் என்ன செய்யுதுங்கறத விட என்ன செய்யாம இருக்குங்கறத. மொதல்ல பாத்தது ஷோவுல கப்பு வாங்கின நாய், பனி மாதிரி முடி, பாத்த உடனே கட்டிப் புடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரு ஆட்டுக்குட்டி துள்ளி ஓடினப்ப பின்னாடியே ஒரு பத்தடி துரத்திட்டு நின்னுடுச்சு. அந்தப் பத்தடி போதும், வேணாம்னு வந்துட்டேன். ரெண்டாவது நாய் அழுக்கா, காதுல பழைய தழும்போட இருந்துச்சு. ஒரு ஆடு அது பக்கத்துலயே குட்டி போட்டுட்டு இருக்கு, இது முகத்த வேற பக்கம் திருப்பிட்டு படுத்திருக்கு. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

வெள்ளச்சி பருவத்துக்கு வந்ததும் ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவு பாத்தோம். ஒரு மில்லிக்கு 5 நானோகிராம் கிட்ட வந்தா முட்டை வெளிவருதுன்னு அர்த்தம், ஆனா அது முதிர இன்னும் 2 நாள் வேணும், அதனால 2வது நாளும் 4வது நாளும் சேத்து விட்டோம். நாள எண்ணி குத்துமதிப்பா சேக்குறத விட இது எவ்வளவோ மேல், பிரசவத் தேதியும் கிட்டத்தட்ட சரியா தெரிஞ்சிடும். 28வது நாள் ஸ்கேன்ல சினைனு உறுதியாச்சு, 57வது நாள் எக்ஸ்ரேல 8 முதுகெலும்பு எண்ணினோம், அதாவது 8 குட்டி. நடுவுல நான் ஒரு தப்பு பண்ணப் பாத்தேன், பால் நல்லா வரட்டும்னு கால்சியம் பொடி வாங்கிட்டு வந்துட்டேன். வெட் (கால்நடை டாக்டர்) கையிலேர்ந்து வாங்கி ஓரமா வச்சுட்டார். சினையா இருக்கும்போது வெளியிலேர்ந்து கால்சியம் கொட்டினா உடம்பு தன் எலும்புலேர்ந்து எடுக்குற பழக்கத்த விட்டுடும், அப்புறம் பால் குடுக்க ஆரம்பிச்சதும் ரத்தத்துல கால்சியம் சட்டுன்னு இறங்கி வலிப்பே வரலாமாம். நல்ல சாப்பாடு போட்டா போதும்னார்.

பிரசவத்துக்கு வீட்டுக்குள்ள இடம் பண்ணணும்னுதான் மனசு அடிச்சுக்கிச்சு. ஆனா ஆட்டுக் கொட்டகை மூலையிலதான் பெட்டி போட்டோம், நடுவுல கம்பித் தடுப்பு மட்டும், பொறந்த நாள்லேர்ந்து ஆட்டு வாசனை இருக்கணும். பெட்டிக்குள்ள நாலு பக்கமும் சுவத்துலேர்ந்து ஒரு கையளவு தள்ளி கட்டை அடிச்சோம், தாய் சாஞ்சு படுத்தா குட்டி நசுங்காம அந்த இடுக்குல ஒதுங்கிக்கும். முதல் வாரம் 30 டிகிரி கிட்ட சூடு வேணும், சூடு குடுக்குற விளக்க ஒரு பக்கம் மட்டும் வச்சா சூடு வேணும்கற குட்டி வரும், வேணாம்கறது நகந்துக்கும்.

62வது நாள் காலைல அவ உடம்பு சூடு 36.9க்கு இறங்கிச்சு. 37.2க்குக் கீழ போனா பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள குட்டி வந்துடும். ராத்திரி 11:40க்கு முதல் குட்டி, விடியக்காலை 5 மணிக்கு எட்டாவது. எட்டும் உயிரோட. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு கலர் நூல் கட்டி எடை போட்டேன், ஏழு குட்டி 500 கிராமுக்கு மேல, நீலம் மட்டும் 390.

நீலத்த பத்தி எழுதாம விட முடியல. மூணாவது நாள் மத்ததெல்லாம் எடை ஏறுது, அது மட்டும் இறங்குது. தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு, கத்தக் கூட தெம்பில்ல. பசின்னு நெனைச்சு உடனே பால் கரைச்சு ஊட்டிட்டேன். அதுதான் தப்பு. பொறந்த குட்டிக்கு தானா உடம்ப சூடாக்கிக்கத் தெரியாது, சூடு 34 டிகிரிக்குக் கீழ இறங்கிட்டா குடல் ஓடாது, உள்ள போன பால் அப்படியே தேங்கிடும். மொதல்ல மெதுவா, ஒரு மணி ரெண்டு மணி நேரம் எடுத்து சூடாக்கணும், அப்புறம்தான் பால். எனக்கு அது தெரியாது, வெட்டுக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கணும், கேக்கல. நாலாவது நாள் காலைல என் உள்ளங்கையிலயே போயிடுச்சு. இத்தனை வருஷம் எத்தனையோ உயிரக் கையில வச்சுப் பாத்திருக்கேன், பாசத்துல அவசரப்பட்டு நானே ஒண்ண கெடுத்தது இதுதான். யாராவது இத படிச்சீங்கன்னா ஒண்ணே ஒண்ணு, குளிர்ந்த குட்டிக்கு பால் குடுக்காதீங்க, சூடு குடுங்க.

மிச்ச ஏழும் நல்லா தேறிச்சு. 12ம் நாள் வாக்குல கண்ணு திறந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல காது கேக்க ஆரம்பிச்சது, 2, 4, 6, 8வது வாரம் பூச்சி மருந்து, 7வது வாரம் முதல் தடுப்பூசி. இந்த ஊசி 16 வாரம் ஆகுற வரைக்கும் இடைவெளி விட்டுத் தொடரணும், குட்டி வாங்குறவங்க பல பேரு இத பாதியில விட்டுடறாங்க.

4வது வாரம் கம்பித் தடுப்ப எடுத்துட்டு வயசான ஆடு ரெண்ட உள்ள விட்டேன். குட்டிக்கார ஆடு கூடாது, அது முட்டியே கொன்னுடும், ஓடிப் பதறுற ஆடும் கூடாது, துரத்துற ருசிய அதுவே கத்துக் குடுத்துடும். அமைதியான கெழட்டு ஆடு, தேவைன்னா மட்டும் ஒரு முட்டு. நான் மணிக்கணக்குல குட்டிங்களயே பாத்து இது இப்படி பண்ணுது அது அப்படி பண்ணுதுன்னு அக்காகிட்ட ஒப்பிச்சிட்டு இருந்தேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, "நீ நாய பாக்காத தம்பி, ஆட்ட பாரு. ஆடு படுத்து அசை போடுதுன்னா பக்கத்துல இருக்குற நாய் சரியா இருக்கு. தலைய தூக்கிட்டு எழுந்து நிக்குதுன்னா அந்த நாய்கிட்ட என்னமோ இருக்கு"ன்னாங்க. 12 வாரத்துல எனக்கு கெடச்சதுலயே பெரிய பாடம் இதுதான். நோட்டுல குட்டி பேருக்குப் பக்கத்துல இன்னொரு பத்தி போட்டு ஆடு என்ன பண்ணுச்சுன்னு எழுத ஆரம்பிச்சேன்.

காவல் நாய்க்குட்டிய மனுஷன் தொடவே கூடாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது சரியில்ல. நகம் வெட்டணும், கயிறு கட்டி நடத்தணும், காயம் பட்டா மருந்து போடணும், தொட்டே பழகாத 45 கிலோ நாய வச்சுட்டு என்ன செய்ய முடியும்? தினமும் ஒவ்வொண்ணையும் தூக்கினேன், வாய திறந்து பாத்தேன், பாதத்த புடிச்சேன். பின்னங்கால்ல இந்த இனத்துக்கு ரெட்டைக் கட்டை விரல் இருக்கும், தரைய தொடாததால நகம் சுருண்டு உள்ள குத்தும், அத வெட்டப் பழக்குறது முக்கியம். ஆனா எல்லாமே பட்டிக்குள்ளதான். 6வது வாரம் ஒரு ராத்திரி இடி மழை, ஏழும் கத்துது, வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்துடலாம்னு உசுரே துடிச்சுது. தூக்கிட்டு வரல. நான்தான் பாயையும் போர்வையையும் எடுத்துட்டுப் போய் கொட்டகையில ஆட்டுக்கு நடுவுல படுத்தேன், கொஞ்ச நேரத்துல எல்லாம் வந்து ஆட்டு மேலயும் என் மேலயுமா சாஞ்சு தூங்கிடுச்சுங்க.

மஞ்சள் நூல் குட்டிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. நான் போனா வாசல்ல முதல் ஆளா நிக்கும், மடியில ஏறி மோவாய நக்கும். 8வது வாரத்துலேர்ந்து அது பேருக்குப் பக்கத்துல "ஆடு எழுந்துடுச்சு", "ஆடு நகந்துடுச்சு"ன்னே எழுதிட்டு வந்திருக்கேன், எழுதின எனக்கே அத படிக்க மனசில்ல. விளையாட்டா துரத்துறது, காத கடிக்கிறது எல்லாம் எந்தக் குட்டியும் ஒண்ணரை ரெண்டு வயசு வரைக்கும் அப்பப்ப பண்ணும், அது பெருசில்ல. கிழவி ஆடு ஒரு முட்டு முட்டினா மத்த ஆறும் காத மடக்கி கண்ண திருப்பி ஒதுங்கிடும். மஞ்சள் மட்டும் இன்னும் குஷியாகித் திரும்ப வந்து பாயும். அது ஆட்டோட இருந்த நேரத்த விட வாசலப் பாத்துட்டு நின்ன நேரம்தான் அதிகம். காவல் வேலைக்குன்னு அத குடுத்தா ஒரு நாள் ஒரு ஆடு சாகும், பழி நாய் மேல விழும். பெரிய இடமும் பிள்ளைங்களும் உள்ள ஒரு குடும்பத்துக்கு வீட்டு நாயா குடுத்தேன், இது குட்டி போட வேணாம்னு எழுதி வாங்கிட்டேன். அது போன அன்னைக்கு சாப்பாடு இறங்கல.

குடுக்குற விஷயத்துல ரெண்டு பேருக்கு இல்லன்னு சொன்னேன். ஒருத்தர் கேட்ல சங்கிலி போட்டுக் கட்டுறதுக்குக் கேட்டார், இன்னொருத்தருக்கு வேலியே இல்ல. இந்த நாய்ங்க தன் எல்லைய தானே விரிச்சுக்கிட்டே போகும், வேலி இல்லாட்டி மூணு பண்ணை தாண்டிப் போய் காவல் காக்கும். ராத்திரி பூரா குரைக்கும்னு எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன். 10 வாரத்துக்கு முன்னாடி எதையும் அனுப்பல. எந்த வயசுல எந்தக் காரணத்துக்கு வேணாம்னு ஆனாலும் எங்கிட்டயே திரும்ப வரணும்னு எழுதினதுல எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க.

பச்சை நூல் பெட்டை எங்கிட்டயே இருக்கு. இடுப்பு எக்ஸ்ரேக்கு இன்னும் ரெண்டு வருஷம், அதுவரைக்கும் அடுத்த தலைமுறைங்கற பேச்சே இல்ல, வெள்ளச்சிக்கும் அடுத்த பருவம் ஓய்வு. இப்ப இத எழுதறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்துட்டு வந்தேன். வெள்ளச்சி வேலி ஓரமா நின்னு எதையோ மோந்துட்டு இருந்தா. பச்சை ஒரு கெழட்டு ஆட்டு முதுகுல மோவாய வச்சுப் படுத்திருந்துச்சு, என்ன பாத்து வால ரெண்டு தடவ ஆட்டிட்டு எழுந்து வரல. ஆடு அசை போட்டுட்டு இருந்துச்சு. நோட்டுல அத எழுதிட்டேன்.