இரவு பத்து மணிக்குப் பிறகு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்து வந்ததும் போனிலிருந்து, பணம் வைத்து ஆடும் ரம்மி ஆப்பை எடுத்துவிட்டேன். நவம்பரிலிருந்து போனது 18,400 ரூபாய். அதில் 6,000 மனைவி மாதச் சீட்டுப் பணம் கட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தது. அவளுக்கு இன்னும் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்துக்கு வருஷா வருஷம் கறி, மீன் விடுவேன், அது பெரிய சிரமமில்லை. நான் விட வேண்டியது இதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

உபதேசியார் இயேசுவின் வனாந்தரச் சோதனையைப் பற்றிப் பேசினார். நாற்பது நாள் உபவாசம் இருந்து பசி உண்டான நேரம் பார்த்துத்தான் சோதனைக்காரன் அப்பத்தைப் பற்றிப் பேசுகிறான் என்றார். என் பசி எந்த நேரம் என்று யோசித்தேன். கடைக் கணக்கை முடித்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பத்து மணி. அன்றைக்கு முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருந்தால் இன்னும் மோசம்.

மார்ச் 14

விழுந்துவிட்டேன். ஆப்பைத் திரும்ப ஏற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை இரவு 12 முதல் காலை 5 வரை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாட்டில் போன மாதம் விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் என் சோதனை பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. பதினொன்று ஆனதும் 'இன்னும் ஒரு மணி நேரம்தான்' என்று கை பரபரத்தது. பதிமூன்று சீட்டில் ஒரு சீக்வென்ஸ், அதாவது வரிசையான சீட்டுகள், சேர்ந்துவிட்டது, அடுத்ததற்கு ஒரே ஒரு சீட்டுதான் குறை. அது வரவே இல்லை. 11.50க்கு 700 ரூபாய் போயிருந்தது. சின்னவளின் கால் என் வயிற்றின் மேல் கிடந்தது. அவள் எப்போது புரண்டு வந்தாள் என்றே தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆதியாகமம் 39 வாசித்தேன். எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைக்க, யோசேப்பு முதலில் நியாயம் சொல்லிப் பார்க்கிறான். அவள் நித்தம் நித்தம் வருகிறாள். கடைசியில் வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டு வெளியே ஓடிப்போகிறான். நான் இத்தனை நாளும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று ஜெபித்திருக்கிறேன். ஓட வேண்டிய இடத்தில் உட்கார்ந்து ஜெபித்தேன். ஓடினால் எதையாவது விட்டுத்தான் ஓட வேண்டும். என்னிடம் விடுவதற்கு இருந்தது, வீட்டில் எனக்கிருந்த நல்ல பெயர்.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன், தொகை உட்பட. வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "ஏங்க, சீட்டு எத்தன மாசம் கட்டல? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். மூன்று மாதம்.

மார்ச் 17

ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். காலையில் எழுப்பத்தான் போன் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிவந்த சாக்கு அதோடு போயிற்று. ஒன்பதரைக்கு மேல் போன் அடுக்களையில், புளி ஜாடிக்குப் பக்கத்தில். ஜிபேயை எடுத்துவிட்டேன், ஏடிஎம் கார்டு அவளிடம். பஸ்ஸுக்கும் டீக்கும் கையில் காசு.

மார்ச் 27

பத்து மணிக்கு இன்னும் கை தேடுகிறது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, நாளைய பாட வேளைப்படி பெரியவனின் புத்தகங்களை அடுக்கி வைத்தேன்.

ஏப்ரல் 11

'உங்களுக்காக 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது' என்று மெசேஜ். அடுக்களையில் இருந்த அவள்தான் முதலில் பார்த்தாள். சத்தமாக வாசித்தாள். எனக்கு நெஞ்சு அடித்தது, ஆசையிலா வெட்கத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அழித்துவிட்டு ஜாடிப் பக்கத்தில் வைத்தாள். "வாங்க, சோறு ஆறுது" என்றாள்.