பதினோராம் வசனத்துக்கு முன்னால்

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இன்றைக்கும் அதே கேள்வி: "எப்போ கிளம்புறீங்க?" மியான்மரின் யாங்கோனில் இப்போது சாப்பிட்டாச்சா என்பதற்கு அடுத்து எல்லாரும் கேட்பது இதுதான், நாட்டைவிட்டு எப்போது போகிறோம் என்று. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து வாலிபர்கள் உட்காரும் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவால் மாடிப்படி இறங்க முடியாது, பினாங்கிலிருந்து தங்கை "வந்துடு அக்கா" என்கிறாள். இன்றோ நாளையோ போகப்போகிற வீடு என்று பீரோகூட வாங்காமல் துணியெல்லாம் இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது. எழுந்து மோட்டார் போட்டு, குக்கரில் அரிசி வைத்து, போனையும் பவர் பேங்கையும் சார்ஜில் போட்டுவிட்டு, டிரம் நிரம்பும் வரை பைபிளில் எரேமியா 29-ஆம் அதிகாரம் படித்தேன். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற பதினோராம் வசனம் காலண்டர் காலண்டராகத் தொங்குகிறது, ஆனால் அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் என்பதை யார் நினைக்கிறார்கள்? இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொன்னதைத்தான் ஜனங்கள் கேட்க விரும்பியிருப்பார்கள். எரேமியா சொன்னது எழுபது வருஷம். அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். எழுபது வருஷம் என்றால் கேட்டவர்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்க்கப்போவதே இல்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தோட்டம். (நடுவில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்றும் ஒரு வசனம் இருக்கிறது, அதை அம்மாவிடம் காட்டவில்லை.)

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே. ஜெபக் குழுவில் ஒரு ஆன்ட்டி என் தலையில் கை வைத்து "இந்த மகளுக்கு ஒரு வாசலைத் திறந்தருளும்" என்று அழுதார். அன்பில்தான் செய்கிறார், எனக்குத்தான் எரிச்சல். என்னமோ நான் இன்னும் வாழவே ஆரம்பிக்காத மாதிரி.

பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் நினைவுக்கு வந்தார். 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819-இல். நடுவில் அவரும் மனைவி ஆனும் பாஷை படித்தார்கள், சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார்கள், கைக்குழந்தை ஒன்றை அடக்கம் செய்தார்கள். பிரசங்கத்தில் அந்த ஆறு வருஷத்தை ஒரே மூச்சில் தாண்டிப் பைபிள் மொழிபெயர்ப்புக்குப் போய்விடுகிறோம். அந்த ஆன் அம்மாவுக்கு அது தாண்டிப்போகிற வருஷமா? விடிந்தால் சமைக்க வேண்டும், பாடம் இருக்கும், சந்தையில் பேரம் பேச வேண்டும். ஆண்டவர் அன்றைக்கும் அங்கே இருந்தார்தானே.

ஜூன் 14, சனி

சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கேட்டால் சிரிக்கிறான், இந்த மழையிலா என்று. சரி, பீரோவாவது வாங்குவோம் என்று வாங்கிவிட்டேன். மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதற்குள் இரண்டு பையன்களும் பட்டபாடு!

ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்கவும் ஒத்துக்கொண்டேன். பிள்ளைகள் பாட்டைத் தமிழில் பாடுகிறார்கள், சண்டையைப் பர்மிய மொழியில் போடுகிறார்கள், என்னைச் சயாமா (பர்மிய மொழியில் டீச்சர்) என்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், நேற்றுக்கூட யாரோ அனுப்பிய நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்து வயிறு எரிந்தது.

ராத்திரி தங்கை போனில், "கிளம்புறப்போ அந்தப் பீரோவை என்னக்கா பண்ணுவே?" என்றாள். வித்துடலாம் என்றேன்.